மூன்றை அழுத்தினால் வருபவள்

புடவைகளை இடப்பக்கமும் கோட்டுகளை வலப்பக்கமும் தள்ளி ஒதுக்குகிறாள். நடுவில் கிடைத்த சந்தில் முக்காலியைப் போட்டு, முதுகை முதலில் உள்ளே கொடுத்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக மடக்கி இழுத்துக்கொள்கிறாள். மடியில் காய் நறுக்கும் பலகை. பலகையின் மேல் கணினி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பீரோவின் மரக்கதவை நாலு விரற்கடை திறந்திருக்கும்படி சாத்துகிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரிப்பதுபோல் உதட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். சிரித்துக்கொண்டு பேசினால் கேட்பவருக்குத் தெரியும் என்று கம்பெனி சொல்லிக்கொடுத்திருக்கிறது. பிறகு துணிகளுக்கு நடுவிலிருந்து தேன் வழிகிறது.

"வணக்கம் சார். உங்க வாஷிங் மெஷினுக்கு என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க, பார்த்துடலாம்."

அந்த இயந்திரத்தை விற்கும் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தால், ஒரு பதிவுக் குரல் பல மொழிகளில் வரவேற்கும். தமிழில் பேச மூன்றை அழுத்தச் சொல்லும். மூன்றை அழுத்தினால் கொஞ்சம் இசை வரும். இசை நின்றால் பெரும்பாலும் இவள்தான். மூன்றாம் எண்ணில் ஆள் குறைவு. இவள் கம்பெனியின் ஊழியரும் அல்ல. கணினி, இணையம், மின்சாரம், தொண்டை எல்லாம் இவளுடையவை. பேசிய நேரத்துக்குக் கூலி, பேசாத நேரத்துக்கு ஒன்றுமில்லை.

"நான் யாருக்கும் வேலைக்காரி இல்ல, முதலாளி" என்பாள். "என்ன, என் ஆபீஸ்ல அந்துருண்டை வாசனை அடிக்கும். அவ்வளவுதான்."

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை கூடத்தில் நின்றுகொண்டு, ஆளைக் காணோமே என்று எட்டிப்பார்த்திருக்கிறார். அந்தச் சமயம் பீரோ வாய்திறந்து, "கவலைப்படாதீங்க சார், நான் இருக்கேன்" என்றதாம். மனிதர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் இவளுக்குப் பெயர் பீரோ. மரியாதைக்காரர்கள் பீரோ அக்கா என்பார்கள்.

பீரோவுக்குள் போய் உட்கார்ந்ததற்கு நல்ல காரணம் உண்டு. வீட்டிலிருந்து பேசுகிறவர்களின் பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அறையைச் சத்தம் புகாமல் அடைத்துத்தர ஒரு ஆள் கேட்ட கூலிக்கு இன்னொரு அறையே கட்டலாம். இவள் துணிகளை ஆராய்ந்தாள். "பட்டு உதவாது, சத்தத்தை வழுக்கி விட்டுடும். கம்பளிதான் அப்படியே முழுங்கும்." லாரி ஓட்டும் கணவனின் கனத்த கோட்டுகளெல்லாம் இதற்காகவே இவள் காதோரமாகத் தொங்குகின்றன. வேலைக்குப் புறப்படும்போது அவர் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டுவார். பேச்சை நிறுத்தாமல் இவள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறை அவர் இவளுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஊர்வரை போய்விட்டார்.

கதவை முழுக்கச் சாத்தாததற்குக் காரணம் மாமனார். பீரோவுக்கு நேரெதிரே அவர் கட்டில். பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. எச்சில் விழுங்கினாலே புரையேறக்கூடிய மனிதரைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் விட்டுவிட்டு வேலை பார்க்க முடியாது. நாலு விரற்கடை இடைவெளியில் அவருடைய முகம் சட்டம் போட்ட படம்போலத் தெரியும். வாடிக்கையாளர் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருப்பார்; இவள் அவருடைய உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. மூளையில் பேச்சுக்கான இடம் பாழானாலும், திட்டுகிற இடம் பல நோயாளிகளுக்குத் தப்பித்துக்கொள்கிறது. மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவருக்கு மிஞ்சியது "கழுதை." இழுத்துச் சொன்னால் தண்ணீர் வேண்டும். வெடுக்கென்று வந்தால் சிறுநீர்க் குடுவை. சோர்ந்து வந்தால் திருப்பிப் படுக்கவை. கேள்விபோல மேலே ஏறி முடிந்தால், மகன் லாரியோடு எப்போது திரும்புவான் என்று பொருள்.

"ஒரே வார்த்தைதான். ஆனா தப்பாப் புரிஞ்சுக்கிட்டா படுக்கை நனைஞ்சுடும்" என்பாள் பீரோ.

அழைப்புமணி வைக்க முடியாது, சத்தம் கேட்கும். அதனால் ஒரு வாளி நிறைய ஸ்பாஞ்சுப் பந்துகளை வாங்கி அவருடைய இடக்கைப் பக்கம் வைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால் ஒன்றை எடுத்து பீரோவின்மேல் எறிய வேண்டும். கதவில் பட்டால் சத்தம் வராது. இடைவெளியில் புகுந்து முழங்காலில் விழுந்தால் இவளுக்குத் தெரியும். உள்ளங்கையைக் காட்டினால் 'பொறுங்கள்'. முஷ்டியைக் காட்டினால் 'இதோ வருகிறேன்'. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணே வியந்தாள், இடக்கை அவ்வளவு தேறிவிட்டது. சரியாக இடைவெளிக்குள் போட்டுவிட்டால் வாத்தியார் முகத்தில் ஒரு பெருமிதம். "நூத்துக்கு நூறு மாமா" என்று இவளும் ஒப்புக்கொள்வாள்.

வாளி காலியாகிவிட்டால் மட்டும் அவர் வாயைத் திறப்பார். அங்கேதான் ஆபத்து.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் தன் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "கழுதை" வந்தது. தன் எண்ணையே நம்பவில்லை என்று அவர் புகார் கொடுத்தார். இன்னொருமுறை, செருப்பைப் போட்டுத் துவைத்தேன், மெஷின் நின்றுவிட்டது என்று ஒருவர் ஒத்துக்கொண்ட அதே நொடியில் "கழுதை." நியாயமாகப் பார்த்தால் அவர் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஏற்கவில்லை.

பதிவான பேச்சுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதற்குக் கம்பெனியில் ஓர் அதிகாரி இருக்கிறார். பீரோ அவருக்கு வைத்த பெயர் காது. காது அழைத்துச் சொல்லிவிட்டார்: "ரெண்டு தடவை ஆச்சும்மா. இன்னொரு தடவை உங்க பக்கத்துல இருந்து சத்தம் வந்தா லைனைக் கட் பண்ணிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

லைன் போனால் இவள் வெளியே வேலைக்குப் போகவேண்டும். மாமனார் முதியோர் விடுதிக்குப் போகவேண்டும். கணவனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர், அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்றார். "பார்த்துப்பாங்க. வெடுக்குன்னு சொன்ன கழுதைக்குத் தண்ணியக் கொடுப்பாங்க. மேல மேல தண்ணியக் கொடுப்பாங்க. அப்புறம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள். கணவர் யோசித்துப் பார்த்தார் போலும், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இவளுடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். ஹெட்செட்டில் காதோரம் ஒரு பொத்தான் இருக்கிறது, மியூட். அதை அழுத்தினால் இவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. "நான் யாருன்னு தெரியுமா?" என்று ஒரு வாடிக்கையாளர் எகிறுவார். கட்டைவிரல் காதோரம் போகும். "தெரியாம என்ன? சட்டைப் பையில பேனாவோட துவைச்ச மகாராஜா." கட்டைவிரல் மறுபடி அழுத்தும். "உங்க கோபம் எனக்குப் புரியுது சார்." நாளெல்லாம் இப்படித் தேனும் காரமுமாக மாறி மாறி ஓடும்.

நாளடைவில் விரலுக்கு வித்தியாசம் மறந்துவிட்டது. நாத்தனார் வந்து, "அப்பாவை இன்னும் கொஞ்சம் கவனமா பார்த்துக்கணும் அண்ணி" என்று கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்று அறிவுரை சொன்னபோது, தலையில் ஹெட்செட் இல்லாமலே இவள் கட்டைவிரல் காதுக்குப் போனது. உதடுகள் மட்டும் அசைந்தன. "என்ன அண்ணி சொன்னீங்க?" என்றாள் நாத்தனார். "காபி குடிக்கறீங்களான்னு கேட்டேன்." கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். விரல் காதில் இருக்கும்போது அவள் பேசுவது மட்டும்தான் உண்மை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டில் டெய்லரம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் பிஸ்கட் கனம். அந்தச் சுவரை ஒட்டித் தன்னுடைய வாஷிங் மெஷினை வைத்திருக்கிறாள். அது துணியைப் பிழியச் சுற்றும்போது மாமனாரின் தண்ணீர்க் குவளை மேசைமேல் தானாக நடந்துபோகும். பீரோ போய்ச் சொல்லிப்பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி வையுங்களேன். பின்னால சத்தம் கேட்டா என் வேலை போயிடும்."

"என் வீடு, என் செவுரு, என் மிஷினு. உனக்கு வேணும்னா காதுல பஞ்சு வச்சுக்கோ."

"என் வேலையே காதுலதான்க்கா இருக்கு!"

"அப்ப வேற வேலை பாரு."

அதோடு அக்காவும் போயிற்று, பேச்சும் போயிற்று. படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேருக்கும் உடனே கைபேசியில் அவசரமாக ஏதாவது வந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஒருநாள் முற்பகல், யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் மெஷினைப் பற்றி ஆரம்பித்து மருமகளைப் பற்றி முடித்த நீண்ட அழைப்பு ஒன்று வந்தது. அதற்குள் மாமனாரின் பந்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பீரோ உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். வாளி காலி. இறங்கிப் போய்ப் பொறுக்கலாம் என்று காலை நீட்டுவதற்குள் கணினி அடுத்த அழைப்பைத் தானாக இணைத்துவிட்டது.

"வணக்கம். சொல்லுங்க மேடம்."

"என்னத்தைச் சொல்ல! மிஷின் பாதியில நின்னுபோச்சு. கதவு திறக்க மாட்டேங்குது!"

அந்தக் குரல் இரண்டுமுறை கேட்டது. முதலில் சுவர் வழியாக, அடுத்த நொடி ஹெட்செட் வழியாக. திரையில் வாடிக்கையாளரின் முகவரி வந்து நின்றது. இதே தெரு, இதே கட்டடம், அடுத்த கதவு எண். பீரோ அதை இன்னொருமுறை படித்தாள்.

"ஓட்டல்காரங்களுக்குத் தைச்சு நனைக்கப் போட்ட வெள்ளைக் கோட்டு அத்தனையும் உள்ள இருக்கும்மா. அதுங்களோட சிவப்புத் துணி ஒண்ணும் தெரியாம போயிருச்சு. கண்ணாடி வழியாப் பார்க்கறேன், ஒவ்வொண்ணா ரோஸ் கலராகுது! நாளைக்குக் கொடுக்கணும். என் பொழப்பே அவங்க ஆர்டர்லதான் ஓடுது!"

பீரோவின் கட்டைவிரல் காதோரம் போனது. "நல்லா ஊறட்டும்." விரல் மறுபடி அழுத்தியது. "பதறாதீங்க மேடம். உங்க மெஷின் சுவரை ஒட்டி இருக்கா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கம்பெனி கேக்கச் சொல்லியிருக்கு மேடம்."

"ஒட்டித்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரிகூட அதுக்கு வந்து கத்தினா. அப்பப்பா, வாயா அது! நீங்க எவ்வளவு தன்மையா பேசறீங்க. அவளும்தான் இருக்காளே."

நேரில் டெய்லரம்மா இந்தத் தேனை ஒரு சொட்டுகூடக் கண்டதில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை. பீரோவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"அவங்க சொன்னதுல தப்பில்ல மேடம். சுவர்ல இருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கணும்."

இதுவரை கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இருப்பது. இங்கே நிறுத்தியிருக்கலாம். விரல் காதுக்குப் போவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"பக்கத்து வீட்டோட பொதுச் சுவரா இருந்தா, எதிர்ச் சுவருக்கே மாத்திடணும் மேடம். கம்பெனி விதி."

"அப்படியா?" என்றாள் டெய்லரம்மா, கம்பெனி என்றதும் அடங்கிப்போய். "சரி, மாத்திடறேன். இப்பக் கதவு…"

"கழுதை!"

வெடுக்கென்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லரம்மா முதலில் சுவர் வழியாகக் கேட்டாள். அடுத்த நொடி அதே கழுதை அவள் காதில் வைத்திருந்த போனிலிருந்து வந்தது.

பீரோ கோட்டுகளுக்கு நடுவில் கல்லாய் இருந்தாள். மூன்றாவது சத்தம். இனி லைனைக் கட் பண்ணிவிடுவார்கள். கட்டிலிலிருந்து மாமனார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றாள் டெய்லரம்மா மெதுவாக. "இந்தப் பேச்சு ரெக்கார்ட் ஆகுதுன்னு ஆரம்பத்துல ஒரு குரல் சொல்லுச்சே?"

"ஆமா மேடம்."

"ஒவ்வொரு வார்த்தையும்?"

"ஆமா மேடம்."

ஒருத்தி குடுமி மற்றவள் கையில். சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுகள் சிவந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஒரு வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மேடையில் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"இப்பக் கேட்ட சத்தம் என் பக்கத்துல இருந்து வந்தது மேடம். பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்கார். எங்க செவுரு ரொம்ப மெலிசு. நீங்க கண்டுக்காதீங்க." ஒரு இடைவெளி. "இப்பவாவது கதவைத் திறக்கற வழியைச் சொல்றீங்களா, மேடம்?"

அந்தக் கடைசி மேடத்தில் ஓர் ஊசி இருந்தது.

பீரோவுக்கு உயிர் வந்தது. ஆனால் வெடுக்கென்ற கழுதை காத்திருக்காது. ஹெட்செட்டோடு இறங்கி, தரையில் கிடந்த பந்துகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். "முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க மேடம். கீழ வலது பக்கம் சின்ன மூடி இருக்கும், திறங்க." மாமனாரை இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்தாள். "உள்ள ஒரு சின்னக் குழாய் இருக்கும். அடியில பாத்திரம் வச்சுட்டு வெளிய இழுங்க." குடுவையை எடுத்து வைத்தாள். "மெதுவா. அவசரப்பட்டா தரையெல்லாம் ஆயிடும்."

"வருது, வருது" என்றாள் டெய்லரம்மா.

"இங்கயும்…" என்று தொடங்கிய பீரோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முழுக்க வடியட்டும் மேடம். பாதியில எடுக்காதீங்க."

இரண்டு வீட்டிலும் வடிந்தது. குடுவையை மூடிவைத்து, துடைத்து, போர்த்திவிட்டு, "இப்ப அந்த மூடிக்குப் பக்கத்துல ஒரு நாடா தொங்கும் பாருங்க, அதைக் கீழ இழுங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு டொக்கென்று திறந்தது. "ரெண்டு காலர்தான் ரோஸாகியிருக்கு! மாத்தித் தைச்சுடுவேன்!" என்று கேட்டது, இரண்டுமுறை.

மறுநாள் காது அழைத்தார். அந்தப் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்.

"அந்தக் கழுதை யாருது?"

"வாடிக்கையாளர் பக்கத்துச் சத்தம் சார். அவங்களே வாயால சொல்றாங்க."

காது மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "ஆமா, சொல்றாங்க. அப்புறம் ஏதோ தண்ணி விழற சத்தம்."

"மெஷின் தண்ணி சார்."

"ரொம்பப் பக்கத்துல விழற மாதிரி இருக்கு."

"நல்ல ஹெட்செட் சார். நானே வாங்கினது."

காதின் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, உங்க பக்கத்துச் சத்தம்னு எழுதலை. ஆனா எதிர்ச் சுவருக்கு மாத்தணும்னு சொன்னீங்களே, அப்படி ஒரு விதியே நம்ம புத்தகத்துல இல்லையேம்மா? இனிமே இருக்கறதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"சரிங்க சார்." லைன் பிழைத்தது. பீரோ பின்னால் சாய்ந்தாள். கோட்டு மாட்டி ஒன்று தலையில் இடித்தது.

அன்று சாயங்காலம் கதவைத் தட்டியது டெய்லரம்மா. கழுத்தில் அளவு டேப். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"கம்பெனிக்காரங்க மிஷினை எதிர்ச் செவுத்துக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. குழாய் எட்டுமான்னு அளந்து பார்த்துட்டேன், எட்டுது. ஆனா தனியா நகர்த்த முடியல. இந்த வீட்ல தெம்பா யாராவது இருந்தா வந்து ஒரு கை கொடுக்கட்டும்."

"வரேன்."

"துணி மட்டும் உள்ள மாட்டாம இருந்திருந்தா அப்பவே போட்டுக் கொடுத்திருப்பேன். தெரிஞ்சுக்கோ."

"தெரியும்க்கா."

அக்கா எப்படித் திரும்பி வந்தது என்று இரண்டு பேரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பீரோ கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டி, தலையணையை உயர்த்தி, வாளி நிறையப் பந்துகளை வைத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே போனாள்.

"முதுகை வளைக்காதீங்க. முழங்காலை மடக்கி, உடம்போட கனத்தைக் கொடுத்துத் தள்ளுங்க."

"ஆளைத் தூக்கிப் பழகினவ சொல்றே, சரி."

மெஷின் முனகிக்கொண்டு அறையின் குறுக்கே நகர்ந்தது. எதிர்ச் சுவரருகே போய் நின்றதும் டெய்லரம்மா அதன்மேல் முழங்கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்:

"உண்மையைச் சொல்லு. எதிர்ச் செவுருன்னு கம்பெனி சொல்லுச்சா, நீ சொன்னியா?"

பீரோவின் கட்டைவிரல் காதோரம் உயர்ந்தது. ஹெட்செட் கழுத்தில் கிடந்தது. பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் காது மடல்தான் கிடைத்தது. அதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதடுகளை மட்டும் அசைத்து, முழு உண்மையையும் சொல்லி முடித்தாள்.